உதைப்பதா, துணிவதா?

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று பெயரிட்டு வழங்கும் விளையாட்டை முதன்முறை காணும் எவர்க்கும் திகைப்பே உண்டாகும். பந்து முட்டை வடிவினது. அதனை உதைப்பது அரிது. கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், கையால் எறிந்து பிடிப்பதுமே பெரும்பாலும் நடக்கின்றன. தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்த பதினொருவர் மற்றொரு பதினொருவர்மீது மோதி விழுகின்றனர். சில விநாடிகளில் ஊதுகுழல் ஒலிக்கின்றது. எல்லோரும் எழுந்து, கூடிநின்று கலந்து பேசி, மீண்டும் அணிவகுக்கின்றனர். இப்படி நின்று நின்று நடக்கும் ஆட்டத்தில் என்ன சுவை இருக்கின்றது என்று கேட்கத் தோன்றும். அந்த நிற்றலிலேதான் இதன் உயிர் இருக்கின்றது. ஒவ்வொரு மோதலுக்கும் முன்னர், அடுத்துச் செய்வது யாது என்று பயிற்றுநர் தீர்மானிக்க வேண்டும். அத்தகைய தீர்மானங்களுள் ஒன்று பொருளியல் அறிஞரையும் கணித வல்லோரையும்கூட இவ்விளையாட்டின்பால் இழுத்து வந்துள்ளது. நான்காம் முயற்சியில் உதைப்பதா, துணிவதா என்பதே அது.

விதியை முதலிற் சுருக்கமாகக் கூறிவிடுவோம். மைதானத்தின் இரு எல்லைக் கோடுகளுக்கும் இடைப்பட்ட நீளம் 100 யார். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்நான்கினுள் 10 யார் தூரமேனும் முன்னேறினால் மீண்டும் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிடின் பந்து நின்ற இடத்திலேயே எதிரணியின் உடைமையாகும். எதிரியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடப்பது 'டச்டவுன்'. அதற்கு 6 புள்ளி. அதன்பின் ஓர் உதையினால் மேலும் 1 புள்ளி பெறலாம். கடக்க இயலாதபோது, அங்கு நாட்டியிருக்கும் இரு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் 3 புள்ளி. இது 'பீல்ட் கோல்' எனப்படும்.

மூன்று முயற்சிகள் முடிந்தும் 10 யார் நிறையவில்லை என்று கொள்வோம். இன்னும் ஒன்றிரண்டு யாரே குறை. பயிற்றுநர் முன் இப்போது மூன்று வழிகள் உள. கம்பங்கள் அண்மையில் இருப்பின் 3 புள்ளிக்காக உதைக்கலாம். தொலைவில் இருப்பின், 'பண்ட்' என்னும் நெடிய உதையினால் பந்தை எதிரியின் பக்கத்துக்கு அனுப்பி, அவன் நெடுந்தூரம் கடந்து வரவேண்டிய நிலையை உண்டாக்கலாம். அல்லது, எஞ்சிய முயற்சியையும் முன்னேறுவதற்கே பயன்படுத்தலாம். கடைசி வழியில் தவறினால் பந்து அவ்விடத்திலேயே எதிரியின் கைக்குப் போகும். உதைப்பது பாதுகாப்பு, துணிவது அபாயம் என்றே பல தலைமுறைப் பயிற்றுநர் எண்ணி வந்தனர்.

விதி பிறந்த கதை

1881ஆம் ஆண்டில் யேல், பிரின்ஸ்டன் ஆகிய இரு பல்கலைக்கழக அணிகளும் ஒரு விசித்திரமான ஆட்டம் ஆடின. அக்கால விதியின்படி, பந்தை வைத்திருக்கும் அணி அதனை எவ்வளவு நேரமும் வைத்திருக்கலாம். ஆகவே ஒரு பாதி முழுவதும் ஓர் அணியும், மறு பாதி முழுவதும் மற்ற அணியும் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே பொழுதைக் கழித்தன. ஆட்டம் புள்ளியின்றி முடிந்தது. இந்தக் கேலிக்கூத்துக்கு யேல் பல்கலைக்கழகத்து வோல்டர் காம்ப் என்பவர் ஒரு மருந்து கண்டார். அவர் முயற்சியால் 1882இல் வந்த விதி, மூன்று முயற்சிகளுள் 5 யார் முன்னேறவேண்டும் என்றது. 1906இல், பந்தை முன்னோக்கி எறிவதற்கு அனுமதி கிடைத்த அதே வேளையில், 5 யார் 10 யாராக உயர்ந்தது. முயற்சிகளோ மூன்றாகவே இருந்தன. அது மிகக் கடினமாயிருந்தமையால் 1912இல் நான்காவது முயற்சி சேர்க்கப்பட்டது. முன்னேறுவோர்க்கு உதவியாக வந்த அந்த முயற்சியை, உதைத்துவிட்டு ஒதுங்கும் முயற்சியாகப் பின்வந்தோர் ஆக்கிக்கொண்டனர்.

அவர்களை முற்றாகக் குறை கூறுவதற்கும் இல்லை. அந்நாளைய மைதானங்கள் மழை பெய்தால் வயல்களாகும். பந்தை எறியும் கலையும் வளரவில்லை. 1939 நவம்பர் 11ஆம் நாள், லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரில், டெக்சஸ் டெக் அணியும் சென்டினரி கல்லூரி அணியும் கொட்டும் மழையில் ஆடின. இரு அணிகளும் சேர்ந்து அன்று 77 முறை பண்ட் உதைத்தன. ஆட்டம் அப்போதும் புள்ளியின்றியே முடிந்தது. அத்தகைய சேற்றில், பந்தைத் தாம் வைத்திருப்பதைவிட எதிரியிடம் தள்ளிவிட்டு, அவன் வழுக்கி விழுவதற்குக் காத்திருப்பதே புத்தி. அந்நாளுக்கு அது சரியான கணக்கு. மழை ஓய்ந்து, தரை காய்ந்து, எறியும் கலை உச்சத்தை அடைந்த பின்னரும் அந்தக் கணக்கை எவரும் திருப்பிப் பார்க்கவில்லை என்பதுதான் வியப்பு.

ஆட்டக்காரர் போட்ட கணக்கு

திருப்பிப் பார்த்தவர்களுள் முதல்வர் ஓர் ஆட்டக்காரரே. வேர்ஜில் கார்ட்டர் என்பவர் சின்சினாட்டி பெங்கல்ஸ் அணியின் பந்தெறி தலைவர். ஆடும் காலத்திலேயே அவர் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டும் இருந்தார். அங்குள்ள ரொபர்ட் மேக்கோல் என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, 1969ஆம் ஆண்டுப் பருவத்தின் 56 ஆட்டங்களை எடுத்து, அவற்றில் நிகழ்ந்த 2,852 முதல் முயற்சிகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். இந்த இடத்தில் பந்து கிடைத்தால், அடுத்து வரும் புள்ளி எவர்க்கு, சராசரியாக எவ்வளவு என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. கட்டுரை 1971இல் வெளிவந்தது. அதே 1971ஆம் ஆண்டுப் பருவத்தில், எறிந்த பந்துகளுள் கைசேர்ந்தவற்றின் விழுக்காட்டில் தொழின்முறை ஆட்டக்காரர் அனைவருள்ளும் முதலிடம் பெற்றவரும் கார்ட்டரே. படிப்பும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகை என்பார் இதனைக் கவனிப்பாராக.

அவர்கள் கண்ட முடிவு எளியது. தன் எல்லைக் கோட்டை ஒட்டிய இடத்திற் பந்து கிடைக்கும் அணிக்கு அதன் பெறுமதி பூச்சியத்திலும் குறைவு. அடுத்த புள்ளி எதிரிக்குப் போகவே வாய்ப்பு மிகுதி. ஏறத்தாழத் தன் 20 யார்க் கோட்டை அடுத்து அது பூச்சியத்தைக் கடக்கின்றது. எதிரியின் எல்லையை நெருங்கும்போது 6 புள்ளியை எட்டுகின்றது. ஆக, பந்து நம்மிடம் இருப்பது மட்டும் செல்வமன்று. எங்கே இருக்கின்றது என்பதும் கணக்கில் வரவேண்டும். எதிரியை அவனது எல்லையோரத்தில் நிறுத்திப் பந்தை அவனிடம் கொடுத்தாலும், நாம் இழந்தது சிறிதே.

இந்த வித்து முளைப்பதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன. கலிபோர்னியாவில் உள்ள பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்துப் பொருளியற் பேராசிரியர் டேவிட் ரோமர் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 2006இல் அது அறிஞர் இதழில் முறைப்படி அச்சேறியது. அவர் எடுத்துக்கொண்டவை 1998 முதல் 2000 வரையிலான மூன்று பருவத்து ஆட்டங்களின் முதற் காற்பகுதிகள். நான்காம் முயற்சியில் துணிந்தவர் மிகச் சிலராகையால், வெற்றி வாய்ப்பை அளப்பதற்கு மூன்றாம் முயற்சிகளின் விளைவைப் பயன்படுத்தினார்.

அவர் தந்த உதாரணம் ஒன்றை மாணவர்கள் தாமே தாளிற் போட்டுப் பார்க்கலாம். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரமே ஆகியிருக்கின்றது. எதிரியின் எல்லைக்கு 2 யார் தூரத்தில் நான்காம் முயற்சி. உதைத்தால் 3 புள்ளி ஏறத்தாழ நிச்சயம். துணிந்தால் ஏழு தடவையில் மூன்று தடவை டச்டவுன் கிடைக்கும். அதற்குரிய உதையும் சேர்ந்து 7 புள்ளி. ஏழில் மூன்றை ஏழாற் பெருக்கினால் வருவதும் மூன்றே. இரு வழியும் சமம், ஆதலால் நிச்சயமானதைக் கொள்க என்று பயிற்றுநர் கூறுவர். அவர்கள் மறந்தது பின்னர் வருவதை. புள்ளி பெற்ற அணி பந்தை உதைத்து எதிரிக்கு அளிக்கவேண்டும். அவன் தன் எல்லையிலிருந்து 27 யார் அளவில், வசதியான இடத்தில், ஆட்டத்தைத் தொடங்குவான். துணிந்து தவறினாலோ, அவன் தன் எல்லையிலிருந்து 2 யார் தூரத்தில், சுவரோடு சுவராக ஒட்டி நின்று தொடங்கவேண்டும். தோல்வியிலும் ஒரு பயன் கிடைக்கின்றது. உதையில் அது இல்லை. ஆகையால் துணிவதே மேல்.

துணிவதே மேல் என்று ரோமரின் கணக்குக் காட்டிய இடங்களிற் பத்துக்கு ஒன்பது தடவை அணிகள் உதைத்திருந்தன. சரியாக முடிவு செய்திருப்பின், மூன்று பருவங்களுக்கு ஒரு வெற்றி அதிகமாகக் கிடைத்திருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். இது சிறிது என்று தோன்றலாம். அரை யார் அதிகமாக ஓடக்கூடிய ஒருவனுக்காகப் பல கோடி டொலர் கொட்டும் தொழிலில், ஒரு சதமும் செலவின்றிக் கிடைக்கும் வெற்றி அது.

அறிந்தும் ஏன் செய்யவில்லை? பயிற்றுநர் அறிவிலிகள் அல்லர். உதைத்துவிட்டுத் தோற்றால், ஆட்டக்காரர் தோற்றனர் என்று ஊர் பேசும். துணிந்து தோற்றால், பயிற்றுநர் தோற்றார் என்று பேசும். வேலை போவது பின்னையவர்க்கே. பெறும் நூறு ரூபாயின் இன்பத்திலும், இழக்கும் நூறு ரூபாயின் துன்பம் மனிதர்க்குப் பெரிதாகத் தோன்றுகின்றது என்று டேனியல் கானமன், ஏமோஸ் ட்வேர்ஸ்கி என்னும் இரு உளவியலாளர் 1979இல் எழுதினர். ரோமரின் ஆய்வு வெளிவந்த 2002ஆம் ஆண்டிலேயே கானமனுக்குப் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது ஒரு சுவையான பொருத்தம்.

இரண்டு யார் தூரம்

2009 நவம்பர் 15ஆம் நாள் இரவு. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திற் சந்தித்தது. முடிவதற்கு 2 நிமிடமும் 8 விநாடியும் இருக்க, பேட்ரியட்ஸ் 34, கோல்ட்ஸ் 28. பேட்ரியட்ஸ் அணிக்கு நான்காம் முயற்சி. வேண்டியது 2 யார். நின்ற இடமோ தன் 28 யார்க் கோடு. அங்கிருந்து தவறினால் எதிரிக்கு வாசல் திறந்தது போலாகும். உதைப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். பில் பெலிச்சிக் என்னும் பயிற்றுநர் உதைக்கவில்லை. அவர் பொருளியல் படித்தவர்; ரோமரின் ஆய்வையும் வாசித்தவர்.

டொம் பிரேடி எறிந்த பந்தைக் கெவின் போக் பிடித்தார். ஆயினும் வேண்டிய இடத்துக்கு ஒரு யார் முன்னரே வீழ்த்தப்பட்டார். பந்து கோல்ட்ஸ் அணிக்குப் போயிற்று. பேய்ட்டன் மானிங் எறிந்த பந்தை, 13 விநாடி மீதமிருக்கையில், ரெஜி வெய்ன் எல்லைக்குள் பிடித்தார். 35க்கு 34. தொலைக்காட்சியில் முன்னாள் ஆட்டக்காரரும் பயிற்றுநரும் பெலிச்சிக்கை வறுத்தெடுத்தனர். அகந்தை என்றோரும் உண்டு.

கடற்படை விமானியாயிருந்து பின்னர் இவ்விளையாட்டின் புள்ளிவிபரங்களை ஆராயத் தொடங்கிய பிரயன் பர்க் என்பவர் மட்டும் அமைதியாகக் கணக்குப் போட்டார். அதே நிலை நூறு இரவுகளில் நேர்ந்தது என்க. துணிந்தால் 60 இரவுகளில் 2 யார் கிடைக்கும்; ஆட்டமும் அத்தோடு முடியும். எஞ்சிய 40 இரவுகளில் எதிரி 28 யார் தூரத்திலிருந்து தொடங்குவான். அவற்றிலும் நூற்றுக்கு 53 வீதமே அவன் டச்டவுன் பெறுவான். ஆக, 19 இரவுகளில் தப்பிவிடலாம். மொத்தம் 79 வெற்றி. பண்ட் உதைத்தால் எதிரி தன் 34 யார்க் கோட்டளவில் தொடங்குவான். 30 இரவுகளில் வெல்வான். நமக்கு 70. துணிந்ததே சரி.

மானிங் சாதாரண ஆட்டக்காரரா, இந்தச் சராசரி அவருக்குப் பொருந்துமா என்று வினவினோர் இருந்தனர். வினா நல்லதே. ஆனால் அது எதிர்ப்பக்கத்துக்கு உதவும் வினா. எத்தனை தூரத்திலிருந்தும் வரக்கூடியவர் அவர் என்றால், 38 யார் தூரம் அப்பால் அனுப்பி வைப்பதிற் கிடைக்கும் காவல் மேலும் குறைகின்றது. அவர் கையிற் பந்தைக் கொடாதிருப்பதே காவல்.

பெலிச்சிக் அந்த இரவைத் தாங்கினார். அதற்கு முன்னரே மூன்று சுப்பர் போல் கிண்ணங்களை வென்றவரை எவர் வீட்டுக்கு அனுப்புவர்? புதிதாக வேலைக்கு வந்த ஒரு பயிற்றுநர் அவ்வாறு செய்து தோற்றிருந்தால் கதை வேறு. நான்காம் முயற்சியில் துணிவு வளர இத்தனை காலம் பிடித்ததற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர், 2021 செப்டெம்பர் 19ஆம் நாள், இதற்கு இரட்டைப் பிள்ளை போன்ற ஒரு நிகழ்ச்சி நடந்தது. பால்டிமோர் ரேவன்ஸ் 36, கன்சாஸ் நகரச் சீப்ஸ் 35. முடிவதற்கு ஒரு நிமிடமளவே உண்டு. ரேவன்ஸ் அணிக்குத் தன் 43 யார்க் கோட்டில் நான்காம் முயற்சி. குறை 1 யார். பயிற்றுநர் ஜோன் ஹார்போ, எல்லைக்கு வெளியே நின்றபடியே, பந்தெறி தலைவர் லமார் ஜாக்சனை நோக்கி, துணிவோமா என்று உரத்துக் கேட்டார். ஆம் என்றார் ஜாக்சன். பந்தைத் தாமே தூக்கிக்கொண்டு பாய்ந்து வென்றார். மறுநாள் ஹார்போ வீரரானார். அவர் செய்ததும் பெலிச்சிக் செய்ததும் ஒன்றே; ஒரு யார் தூரம்தான் இருவருக்கும் இடையில் நின்றது.

துணிந்தோர் வென்றனரா?

துணிவு மிக்க அணிகள் அதிகமாக வெல்கின்றனவா என்று கேட்டு, ஒரு பருவத்தில் எவ்வணி எத்தனை முறை நான்காம் முயற்சியில் துணிந்தது என்று எண்ணினால், விடை தலைகீழாக வரக்கூடும். தோற்கும் அணிகளே ஆட்டத்தின் இறுதியில் வேறு வழியின்றித் துணிகின்றன. அவர்களது எண்ணிக்கை பெருகும். அது வீரமன்று, நெருக்கடி. நோயாளிகளே மருந்து மிகுதியாக உண்கின்றனர் என்பதால் மருந்தே நோயைத் தருகின்றது என்று கூறுவதை இது ஒக்கும். இதனாலேதான் ரோமர் முதற் காற்பகுதியை மட்டும் எடுத்தார். அப்போது எந்த அணிக்கும் நெருக்கடி இல்லை.

2018 பெப்ரவரி 4ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் நடந்த சுப்பர் போல் ஆட்டம் நெருக்கடியில்லாத துணிவுக்குச் சான்று. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் முதல் பந்தெறி தலைவர் காயமுற்றமையால், மாற்றாளாகிய நிக் போல்ஸ் ஆடினார். முதற் பாதி முடிய 38 விநாடி. ஈகிள்ஸ் 15க்கு 12 என முன்னணியில் நின்றது. எல்லைக்கு 1 யார், நான்காம் முயற்சி. 3 புள்ளி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. பயிற்றுநர் டக் பீடர்சன் அதனை வேண்டாமென்றார். எறியவேண்டிய போல்ஸ் ஓரமாக நழுவி ஓட, பந்து இரு கைகள் மாறி ட்ரே பேர்ட்டனிடம் வந்து, அவர் எறிய, எறிபவராகிய போல்ஸே அதைப் பிடித்து டச்டவுன் பெற்றார். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் 33க்கு 32 எனப் பின்தங்கியிருந்தபோது, தன் 45 யார்க் கோட்டில் மற்றுமொரு நான்காம் முயற்சியிலும் பீடர்சன் துணிந்தார், அதுவும் பலித்தது. 41க்கு 33 என்று ஈகிள்ஸ் தன் முதலாவது சுப்பர் போலை வென்றது. எதிரணியின் பயிற்றுநர் பெலிச்சிக்.

அதே ஈகிள்ஸ் அணி பின்னாளில் வேறொரு வித்தை கண்டது. ஒரு யார் தேவைப்படும்போது, ஜேலன் ஹேர்ட்ஸ் என்னும் தலைவர் பந்துடன் முன்னே குனிந்து பாய, பின்னிருந்து தோழர்கள் அவரை உந்தித் தள்ளுவர். பார்வைக்கு அழகில்லாத ஆட்டம், பலனோ பெரிது. நான்காம் முயற்சியில் ஒரு யார் கிடைப்பது உறுதி என்றால், மூன்றாம் முயற்சியில் முழுத் தூரத்தையும் கடக்கவேண்டும் என்ற அவசரம் இல்லை. 10 யாரை மூன்றாகப் பங்கிட்ட அணிகளுக்கிடையே, அதனை நான்காகப் பங்கிடும் அணி ஒன்று தோன்றிவிட்டது. ஏனைய அணி உரிமையாளர்கள் இதனைத் தடைசெய்ய முனைந்தனர். 2025 மே மாதத்தில் நடந்த வாக்கெடுப்பில் தடைக்கு 22 வாக்கும் எதிராக 10 வாக்கும் கிடைத்தன. வேண்டியவை 24. தடை தோற்றது.

துணிவு எப்போதும் பரிசு பெறுவதில்லை. டெட்ரோயிட் லயன்ஸ் ஒருமுறையேனும் சுப்பர் போலுக்குச் செல்லாத அணி. டான் காம்ப்பெல் பயிற்றுநராக வந்த 2021இல் அது மூன்று ஆட்டங்களே வென்றது. அடுத்த ஆண்டு 9 வெற்றி. 2023 பருவத்தில் 12 வெற்றி. முப்பது ஆண்டுகளின் பின்னர் தன் பிரிவில் முதலிடம். நான்காம் முயற்சியில் அஞ்சாத அணி என்ற பெயரும் அதனோடு வந்தது. 2024 சனவரி 28ஆம் நாள், சுப்பர் போலுக்கு ஒரு படி கீழே, சான் பிரான்சிஸ்கோ அணியுடன் ஆடி, இடைவேளையில் 24க்கு 7 என முன்னணியில் நின்றது. பின்னர் 24க்கு 10 என்றிருந்தபோது, எதிரியின் 28 யார்க் கோட்டில், 2 யார் வேண்டிய நான்காம் முயற்சி; காம்ப்பெல் துணிந்தார்; பிடிக்கவேண்டியவர் கையிலிருந்து பந்து நழுவிற்று. பிற்பகுதியில் 27க்கு 24 எனப் பின்தங்கிய வேளையில், 30 யார்க் கோட்டில் 3 யார் வேண்டியிருந்தது. உதைத்திருந்தாற் சமநிலை, மறுபடி துணிந்தார், மறுபடி தவறிற்று. இறுதியில் 34க்கு 31 எனத் தோல்வி.

இரு வேளையிலும் இரு வழிகளுக்கும் இடையே வேறுபாடு மிகச் சிறிது என்றே கணக்கு வல்லோர் கூறினர். 48 யார் தூர உதையும் உறுதியானதன்று. இதையெல்லாம் அன்றிரவு கேட்கும் மனநிலையில் டெட்ரோயிட் நகரம் இருந்திராது. அந்த முடிவுகளுக்காகத் தாம் வருந்தவில்லை என்றும், பழி தம்மேல் வரும் என்பது தெரியும் என்றும் காம்ப்பெல் அப்போதே பத்திரிகையாளரிடம் சொன்னார்.

வேலை போகவில்லை. அடுத்த பருவத்திலும் அவர் தம் வழியை மாற்றவில்லை. லயன்ஸ் 15 ஆட்டங்கள் வென்று, இரண்டே தோற்றது. 2025 சனவரியில் வாஷிங்டன் அணி 45க்கு 31 என்று அதனை வெளியேற்றியபோது, ஏசுவோர் நான்காம் முயற்சியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஐந்து முறை பந்தை எதிரியிடம் பறிகொடுத்த அணி அன்று அது.